ஊர் பெயர் எழுத வேண்டாம்

திருப்பதி,
பிப்ரவரி 9

அன்புள்ள தேவா அக்காவுக்கு,

தரணி எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். உன் உடம்பும் பெரியப்பா உடம்பும் எப்படி இருக்கின்றன? இந்தப் பனியில் அவருடைய முழங்கால் வலி கூடியிருக்கும். தைலம் தீர்ந்திருந்தால் சொல், வாங்கி அனுப்புகிறேன்.

பஸ் ஏறினால் வந்துவிடுகிற சித்தூருக்கு இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று சிரிப்பாய். ஃபோனில் பேசினால் பாதியில் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். இது நிதானமாகச் சொல்ல வேண்டிய விஷயம்.

ஊர் மாறலாம் என்று நினைக்கிறேன். இந்தக் காது கிளினிக்கில் சேர்ந்து மூன்று வருஷம் ஆகப்போகிறது. காலையில் கேட்கும் திறன் சோதனை, மாலையில் பேச்சுப் பயிற்சி. வேலை பிடித்துத்தான் இருக்கிறது. ஆனால் உங்கள் ஊரில் ஒரு டாக்டர் என் படிப்புக்கு ஆள் தேடுகிறாராம். வேறு ஊர்களிலும் கேட்டு வைத்திருக்கிறேன். சித்தூர் எப்படிப்பட்ட ஊர் என்று நீ சொல்ல வேண்டும். விருந்துக்கு வந்து போனதை வைத்து ஒரு ஊரைத் தெரிந்துகொள்ள முடியாதே.

வீடு சின்னதாக இருந்தால் போதும். மாடி வேண்டாம். பின்பக்கமும் ஒரு வாசல் இருந்தால் நல்லது. பெரிய ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத தெருவாக இருக்கட்டும். கார் நுழைய முடியாத சந்தாக இருந்தாலும் பரவாயில்லை.

உங்கள் மாப்பிள்ளையிடம் இன்னும் சொல்லவில்லை. நேரம் பார்த்து நானே சொல்லிக்கொள்கிறேன். பதிலைக் கிளினிக் முகவரிக்கு எழுது.

உன் தங்கை,
தரணி

*

சித்தூர்,
பிப்ரவரி 16

அன்புத் தங்கை தரணிக்கு,

நாங்கள் சுகம். நைனாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, காது மெஷின் பாதி நேரம் அலமாரியில்தான் இருக்கிறது, அவர் வாயும் அப்படியேதான் இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? உன் எழுத்து ரொம்பச் சின்னதாகிவிட்டதே, சரியாகச் சாப்பிடுகிறாயா?

கடிதம் வந்ததை நைனா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். "என் தம்பி பொண்ணு லெட்டர் போட்டுக்கீறா பாரு, இந்தக் காலத்துல" என்று எதிர்வீட்டுக்காரர் வரைக்கும் படித்துக் காட்டப் போனவரைப் பிடித்து நிறுத்தினேன்.

சித்தூரைப் பற்றிக் கேட்டாய். உன் தெருவில் தண்ணீர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வரும் என்பதை விசாரிக்காமல் இங்கே வீடு பிடிக்கக் கூடாது. மாம்பழக் காலத்தில் ஊர் முழுக்கப் பழ வாசம். நான் மாங்கூழ் ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவள், எனக்கு அது சம்பளத்தின் வாசம், உனக்குத் தலைவலி வரலாம். வேலூர் பக்கம், திருப்பதி பக்கம், பெங்களூர் பக்கம் என்று எந்நேரமும் பஸ் உண்டு. சாயங்காலத்தில் பெண்கள் தனியாக நடந்துபோனால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மொத்தத்தில் நல்ல ஊர்தான். சலிப்பாக இருக்கும், ஆனால் சலிப்பாக இருக்கிற ஊரில்தான் உடம்பு நன்றாக இருக்கிறது.

ஒன்று கேட்கிறேன். மலைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக் கார்கள் விடுவதுதான் யஸ்வந்த் மாப்பிள்ளையின் பிழைப்பு. அதை விட்டு அவர் இங்கே எப்படி வருவார்? அதிலும் கார் கம்பெனி முதலாளியின் பெண்டாட்டி கார் நுழையாத சந்தாகக் கேட்கிறாள். நைனா கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்.

மாப்பிள்ளையையும் உன் மாமியார் செங்கம்மாவையும் கேட்டதாகச் சொல்.

பிரியமுள்ள,
தேவசேனா

*

திருப்பதி,
மார்ச் 2

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மேசையில் தலை கவிழ்ந்து சிரித்தேன். டாக்டர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பெரியப்பாவை எதிர்வீட்டுக்குப் போகவிடாதே. இங்கே அனைவரும் நலம்.

நீ கேட்டதற்கு இப்போது பதில் சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பதில் நான் யோசித்துவைத்ததைச் சொல்கிறேன். வேலூர் பெரிய ஊர், வேலை கிடைக்கும். ஆனால் அங்கிருந்து தினமும் இங்கே கார்கள் வருகின்றன. சென்னைக்கும் அப்படித்தான், விமான நிலைய வாசலிலேயே அவருடைய ஆட்கள் நிற்பார்கள். நகரியில் அம்மா இருக்கிறாள். தறிச் சத்தத்துக்கு நடுவிலும் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்பது அந்தத் தெருவுக்குத் தெரிந்துவிடும். வரதய்யபாளையம் பக்கம் கம்பெனிகள் நிறைய வந்துவிட்டன. கம்பெனிக்காரர்களுக்கும் கார் வேண்டுமே. திருப்பதிக்கு ஆள் வராத ஊர் எது என்று நீ எப்போதாவது யோசித்திருக்கிறாயா? நான் யோசித்துப் பார்க்கிறேன். ஒன்றும் தட்டுப்படவில்லை.

டிரைவர்கள் எல்லோரும் என்னை வதினா என்றுதான் கூப்பிடுவார்கள். தெலுங்கில் அண்ணி. மரியாதையான பையன்கள். போன வாரம் காளஹஸ்தியில் எங்கள் கிளினிக் முகாம் நடத்தியது. மதியம் டீக்கடைக்குப் போனேன். யாரோ ஒருவன் "வதினா" என்று எழுந்து நின்று டீ வாங்கித் தந்தான். அவன் முகம் எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்ததும் அவர், "டீ நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

சித்தூரே பரவாயில்லை என்று தோன்றுகிறது. நீ இருக்கிறாய். வீட்டை என் பெயரில் பேசு, அக்கா. என் பெயர் மட்டும் போதும்.

உன்,
தரணி

*

சித்தூர்,
மார்ச் 11

அன்புத் தரணிக்கு,

நலம்தானே? இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. நைனா இப்போதே நுங்கு கேட்கிறார்.

போகிற இடமெல்லாம் டீ வாங்கித் தர ஆள் வைத்திருக்கிற புருஷன் யாருக்கு வாய்ப்பான்? எனக்கு வாய்க்காததால்தான் கூழ் டப்பாக்களோடு குடும்பம் நடத்துகிறேன்.

நல்ல செய்தி. வீடு கிடைத்துவிட்டது. நீ கேட்டபடியே சந்துக்குள், பின்வாசலோடு. வீட்டுக்காரம்மா பேர் ரத்னம்மா. கறார். ஆனால் மனசு நல்ல மனசு. முதலில் முடியாது என்றுதான் சொன்னார். "கட்டிக்கினு போன பொண்ணு பேர்ல தனியா வூடு கேக்கறியே, நாளைக்கு ஒரு பேச்சு வந்தா யாரு நிப்பாங்க? ஃபேமிலிக்குத்தான் குடுப்பேன். வூட்டுக்காரர்கிட்ட ஒரு வார்த்தை பேசணும்" என்றார்.

நீயே சொல்லிக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தாய். அது போன மாதம். இதற்குள் சொல்லாமலா இருப்பாய்? புருஷனுக்குத் தெரியாமல் யாராவது வீடு பார்ப்பார்களா? அதனால் மாப்பிள்ளையின் நம்பரைக் கொடுத்துவிட்டேன். ரத்னம்மா உடனே பேசினார். மாப்பிள்ளை அவ்வளவு மரியாதையாகப் பேசினாராம், எல்லாம் விசாரித்துக்கொண்டாராம். ஃபோனை வைத்ததும், "தங்கமான மனுசன்" என்று எனக்குப் பாதி டம்ளர் காபி கொடுத்தார். அவர் வீட்டில் அது பெரிய கௌரவமாம்.

எப்போது வந்து பால் காய்ச்சுகிறாய்? பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

தேவா

*

சித்தூர்,
ஏப்ரல் 3

தரணி,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? பதில் வரவில்லை. ஃபோன் செய்தால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. நேற்று மாப்பிள்ளை எடுத்தார். நான் சாப்பிட்டேனா, நைனாவுக்கு முழங்கால் எப்படி என்றெல்லாம் கேட்டார். உன்னிடம் கொடுங்கள் என்றேன். "அவ நல்லாகீறா அக்கா" என்றார். மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையே சொன்னார், அதே குரலில்.

ரத்னம்மா வீட்டை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். மாப்பிள்ளைதான் வேண்டாம் என்று சொன்னாராம்.

நைனா முழங்காலைப் பற்றி நான் உனக்குக் கடிதத்தில் எழுதினேனே தவிர, மாப்பிள்ளையிடம் ஒருநாளும் சொன்னதில்லை. நீ சொல்லியிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். இரண்டு வரி எழுது.

தேவா

*

திருப்பதி,
ஏப்ரல் 14

அன்புள்ள அக்காவுக்கு,

புத்தாண்டு நல்லபடியாகப் பிறந்திருக்கும் என்று நம்புகிறேன். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதை முதலில் எழுதிவிடுகிறேன். நான் சொல்லாமல் விட்டதை நீ எப்படித் தெரிந்துகொள்வாய்? முழங்காலைப் பற்றி அவரிடம் சொன்னது நான்தான். பயப்படாதே, கடிதங்கள் அவர் கண்ணில் படவில்லை.

ரத்னம்மாவிடம் பேசிய அன்று அவர் ஸ்வீட் வாங்கிவந்தார். "சித்தூர்ல வூடு பாத்துக்கினு கீறியாமே. எங்கிட்ட சொல்லியிருந்தா நானே பாத்திருப்பேனே" என்றார். சத்தம் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில், வா, உனக்குப் பிடித்த ஊரை நீயே பார்த்துச் சொல் என்று காரில் ஏறச் சொன்னார்.

பாகாலா போனோம். சித்தூர் வந்தோம். ரத்னம்மா வீட்டுச் சந்து முனையில் நிறுத்தி, இந்த ஊரா என்று கேட்டார். உன் தெருவையும் கடந்தோம், அக்கா. பெரியப்பா வாசலில் நின்றிருந்தார். நான் கண்ணாடியை இறக்கவில்லை. அங்கிருந்து சுற்றிக்கொண்டு நகரி, புத்தூர். ஒவ்வொரு ஊரிலும் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே நிறுத்தி, ஒரு டிரைவரைக் கூப்பிட்டு, கண்ணாடியை இறக்கி என் முகத்தைக் காட்டினார். "வதினாவப் பாத்துக்கோ. எப்பனா தனியா வந்தா நல்லபடியா பாத்துக்கணும்" என்றார். எல்லோரும் கும்பிட்டார்கள். நானும் கும்பிட்டேன். இரண்டு ஊர்களுக்கு நடுவில் ஆளில்லாத ரோட்டில் மட்டும் அவர் வேகத்தைக் கூட்டினார். கார் போன வேகத்தில் கதவுக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தேன். ஊர் வந்தால் வேகம் குறையும் என்று ஒவ்வொரு ஊருக்காகவும் காத்திருந்தேன்.

நகரியில் அம்மாவைப் பார்க்க விட்டார். அவர் வாசலில் ஃபோன் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் அம்மாவிடம் சொன்னேன். "அடிக்கிறாரா?" என்றாள். இல்லை என்றேன். "குடிக்கிறாரா?" இல்லை. "பின்னே இன்னாடி உனக்கு?" என்றாள்.

என் ஃபோனில் வருவதெல்லாம் அவர் ஃபோனிலும் வருகிறது. அதனால்தான் கடிதம். இதைக் கிளினிக்கில் பெருக்கித் துடைக்கிற கன்னியம்மாள் போஸ்ட் செய்கிறார். அவர் என்னிடம் ஒன்றும் கேட்டதில்லை.

மே மாதம் இந்த ஊர் அம்மன் கங்கம்மாவின் ஜாத்திரை முடிந்ததும் வேலையை விட்டுவிடு என்கிறார் உங்கள் மாப்பிள்ளை. வேலையை விட்டால் வீட்டை விட்டு வெளியே வர எனக்கு வேறு காரணம் கிடையாது.

தரணி

*

சித்தூர்,
ஏப்ரல் 18

என் தரணிக்கு,

நலம் விசாரித்து எழுத இன்று கை வரவில்லை. அந்த நம்பரைக் கொடுத்த கையாலேயே எழுதுகிறேன், அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

நைனா அன்றைக்கு, "ஒரு வெள்ளைக் காரு நம்ம தெருவுல மெதுவா போச்சு, உள்ள ஒரு பொண்ணு சாமி கும்புட்ற மாதிரி கண்ண மூடிக்கினு இருந்துச்சு" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

இனி சித்தூர் வேண்டாம். நான் இருக்கிற ஊரில்தான் அவன் முதலில் தேடுவான். என்னோடு படித்த பிரித்திகாவை உனக்குத் தெரியும், என் பிறந்தநாளுக்கு வந்து பாயசம் சிந்தியவள். அவள் இப்போது இருக்கிற ஊரில் காது கேளாத குழந்தைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. உன் படிப்புக்கு ஆள் வேண்டுமாம். பேசிவிட்டேன். ஊர் பெயரை இங்கே எழுத மாட்டேன். பிரித்திகாவின் நம்பரை மட்டும் தனித் துண்டில் வைத்திருக்கிறேன். மனப்பாடம் செய்துவிட்டுத் துண்டைக் கிழித்துவிடு. இந்தக் கடிதத்தையும் கிழித்துவிடு.

மே மாதம் முதல் புதன்கிழமை கிளினிக்குக்கு வழக்கம்போல் போ. மதியம் அங்கிருந்து அப்படியே கிளம்பு. சான்றிதழ்களைத் தவிர ஒன்றும் எடுக்காதே. கைப்பை கனத்தால் கண்ணில் படும். ஃபோனை மேசையிலேயே வைத்துவிடு.

தைரியமாக இரு என்று எழுத வந்தேன். எனக்கே இல்லாததை உனக்கு எப்படி அனுப்புவேன்? பயந்துகொண்டே கிளம்பு, போதும்.

தேவா

*

திருப்பதி,
மே 7

அக்கா,

நீ நலமாக இருக்க வேண்டும். நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன்.

நேற்று இரவு ஜாத்திரைக்குச் சாட்டு போட்டுவிட்டார்கள். சாட்டு போட்டால் கங்கம்மாவின் எல்லைக்குள் இருக்கிறவர்கள் ஜாத்திரை முடியும்வரை ஊரைத் தாண்டக் கூடாது என்பது இந்த வீட்டுப் பழக்கம். நான் கிளம்ப வேண்டிய புதன்கிழமை இன்றுதான், சாட்டு இதற்குப் பிறகுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நகரியில் பிறந்தவளுக்கு இந்த நாள் கணக்கு எப்படித் தெரியும்? மாமியார் காலையில் என் நெற்றியில் மஞ்சள் இட்டு, "எல்லை தாண்டினா ரத்தம் கக்குவாங்கம்மா, ஜாக்கிரதை" என்றார். அவர் எதையும் மனதில் வைத்துச் சொல்லவில்லை, எல்லோருக்கும் சொல்வதுதான்.

இவர் ஒரு வாரம் கார் எடுப்பதில்லை. என்னைக் கிளினிக்கில் கொண்டுவந்து விடுவதும் கூட்டிப்போவதும் அவரேதான். இப்போது எதிரே உள்ள ஜூஸ் கடையில் உட்கார்ந்திருக்கிறார். நான் நிமிர்ந்தால் கை அசைக்கிறார்.

ஜாத்திரை நாட்களில் ஆண்கள் சேலை கட்டி, முகத்தில் சந்தனமும் சாந்தும் பூசி, பெண் வேஷம் போட்டுத் தெருத்தெருவாகப் போகிறார்கள். வேண்டுதல். கிளினிக் வாசலில் மீசையை மழித்த தாத்தா ஒருவர் பட்டுச் சேலையில் வந்து நின்றார், டாக்டரே காசு கொடுத்துக் கும்பிட்டார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். கன்னியம்மாள் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு பக்கத்தில் வந்து மெதுவாக ஒன்று சொன்னார். அதை எழுதப் பயமாக இருக்கிறது.

தரணி

*

மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

மேலே ஊர் போடவில்லை. நான் உயிரோடு, காய்ச்சல் ஒன்றும் இல்லாமல், பிரித்திகாவின் சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ரத்தம் கக்கவில்லை.

ஜாத்திரையின் கடைசி நாள் மாமியாரோடு கோயிலில் பொங்கல் வைக்கப் போனேன். அடுப்புப் பக்கம் ஆண்கள் வருவதில்லை, அவர் வாசலில் நின்றுவிட்டார். கூட்டத்தில் யார் காலை யார் மிதிக்கிறார்கள் என்று தெரியவில்லை. அடுப்பு பற்றியதும் தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று குடத்தோடு நகர்ந்தேன். கோயிலுக்குப் பின்தெருவில் கன்னியம்மாளின் நாத்தனார் வீடு. உள்ளே போனதும் கதவைச் சாத்தினார்கள். முகம் முழுக்கச் சந்தனம் அப்பி, பெரிய பொட்டு வைத்து, கண்ணில் மையைக் கோணலாகத் தீட்டினார் கன்னியம்மாள். என் முடியைச் சுருட்டிக் கட்டி, அதன்மேல் சவுரி முடியை வெளியே தெரிகிற மாதிரி வைத்தார். ரவிக்கைக்குள் துணியை மேலும் கீழுமாகத் திணித்தார். கடைசியில் உதட்டுக்கு மேலே கொஞ்சம் சாம்பலைத் தேய்த்தார். மழித்த மீசை. "இப்பத்தான் ஆம்பள பொம்பள வேசம் கட்டின மாதிரி கீது" என்றார். "கைய வீசி நடம்மா. இடுப்ப ஆட்டு, நெசப் பொம்பள யாரும் அப்படி ஆட்ட மாட்டா" என்றார் நாத்தனார். இருவரும் சிரித்தார்கள். எனக்கும் அழுகையோடு சிரிப்பு வந்தது.

தெருவில் எனக்கு வழி விட்டார்கள், அக்கா. குழந்தைகளைத் தூக்கிக் காட்டினார்கள். ஒரு பெண் என் காலில் தண்ணீர் ஊற்றினாள். இத்தனை வருஷமாக இந்த ஊரில் என்னைப் பார்க்காமல் விட்ட கண் ஒன்று இல்லை. அன்றைக்கு எல்லோரும் பார்த்தார்கள், ஒருவருக்கும் நான் தெரியவில்லை.

பஸ் ஸ்டாண்டு வாசலில் முனிகிருஷ்ணன் நின்றான். அவருடைய டிரைவர்களிலேயே மூத்தவன், எங்கள் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். "யார்ரா இவன், நட அச்சு அசல் பொம்பள மாதிரியே கீது" என்று குறுக்கே வந்து என் முகத்துக்கு நேரே குனிந்தான். வேஷக்காரர்கள் அந்த நாட்களில் யாரையும் திட்டலாம், யாரும் கோபிக்கக் கூடாது. குரலை நெஞ்சின் அடியிலிருந்து எடுப்பது எப்படி என்று எத்தனையோ பேருக்கு நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். "உங்கப்பன கேள்றா, சொல்லுவான்" என்றேன். அது என் குரலே இல்லை. அவன் வெடித்துச் சிரித்து, "தப்பு தாயி" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு வழி விட்டான்.

பஸ் நின்ற முதல் ஊரில் பெண்கள் கழிப்பறைக்குள் நுழைந்தேன். உள்ளே இருந்தவள் அலறிக்கொண்டு வெளியே ஓடினாள். அவள் ஆள் கூட்டி வருவதற்குள் முகத்தைக் கழுவி, சவுரியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெளியே வந்தேன். என்னைக் கடந்து போய் உள்ளே தேடினார்கள். அதுவரைக்கும் நான் பயப்படவில்லை. முகம் கழுவிய பிறகுதான் பயம் வந்தது. மறுபடியும் தனியாகப் போகிற பெண்ணாகிவிட்டேனே.

அக்கா, ஒன்று சொல்ல வேண்டும். உன் ஏப்ரல் கடிதத்தை நான் கிழிக்கவில்லை. நம்பர் துண்டைக் கிழித்தேன், கடிதத்தைக் கிழிக்க மனம் வரவில்லை. கிளினிக் மேசை இழுப்பறையில், காது மெஷின் டப்பாவுக்குள் வைத்திருந்தேன். பஸ்ஸில் பாதி வழியில்தான் ஞாபகம் வந்தது.

தரணி

*

திருப்பதி,
மே 24

மதிப்பிற்குரிய தேவசேனா அக்காவுக்கு,

யஸ்வந்த் வணக்கம். தாங்களும் பெரிய மாமாவும் சுகமென்று நம்புகிறேன். மாமாவின் முழங்காலுக்கு இங்கே நல்ல வைத்தியர் இருக்கிறார். சொன்னால் கார் அனுப்புகிறேன்.

ஃபோன் செய்தால் தாங்கள் எடுப்பதில்லை. நீங்கள் இருவரும் கடிதம் எழுதிக்கொள்வீர்கள் என்று இப்போதுதான் தெரிந்தது. அதனால் நானும் எழுதுகிறேன். தங்கள் கையெழுத்து அழகாக இருக்கிறது.

தரணி மனம் சரியில்லாமல் எங்கேயோ போயிருக்கிறாள். எனக்கு அவள்மேல் கோபம் இல்லை. அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. பிரித்திகா என்பவர் எந்த ஊரில் இருக்கிறார் என்று மட்டும் தெரிவித்தால் நானே போய்ப் பத்திரமாகக் கூட்டிவந்துவிடுவேன். தெரிவிக்காவிட்டாலும் பரவாயில்லை. காது கேளாத குழந்தைகளின் பள்ளிக்கூடம் எல்லா ஊரிலும் இருக்காது. விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

தங்கள் அன்புத் தம்பி,
யஸ்வந்த்

*

சித்தூர்,
மே 28

யஸ்வந்த் மாப்பிள்ளைக்கு,

இருவரும் சுகம். நைனாவுக்கு வைத்தியம் வேண்டாம்.

பிரித்திகாவிடம் தரணிக்கு ஒத்துவரவில்லை. திரும்பி வந்துவிட்டாள். இப்போது என் வீட்டில்தான் இருக்கிறாள். யாரையும் பார்க்க மாட்டேன் என்கிறாள், பேசிப் பார்த்தால் சரியாகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியம் வாருங்கள். சாப்பிட்டுவிட்டுப் பேசலாம். பள்ளிக்கூடங்களில் விசாரித்துக் குடும்பப் பெயரைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம், ஆட்களைத் திரும்பி வரச் சொல்லிவிடுங்கள்.

தேவசேனா

*

சித்தூர்,
ஜூன் 3

என் தரணிக்கு,

இது பிரித்திகாவின் கைக்குத்தான் போகும். நீ என்றைக்காவது எங்கிருந்தாவது அவளைக் கூப்பிட்டால் படித்துக் காட்டுவாள். நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்க ஆசைதான். பதில் தெரியாமலே இருக்கட்டும்.

ஞாயிறு மதியம் அவன் என் வீட்டில் இருப்பான், அந்த நேரத்தில் நீ அங்கிருந்து கிளம்பிவிட வேண்டும் என்று முந்தின நாளே ஆலையின் ஃபோனிலிருந்து பிரித்திகாவுக்குச் சொல்லியிருந்தேன். எந்த ஊருக்கு என்று நீ அவளிடம்கூடச் சொல்ல வேண்டாம் என்றேன். கிளம்பிவிட்டாய் என்று சாயங்காலம் சொன்னாள். பள்ளிக்கூடத்துக் குழந்தைகள் வாசல் வரைக்கும் வந்தார்களாமே.

அவன் சொன்ன நேரத்துக்கு வந்தான், பழக்கூடையோடு. அவன் வரும்போது என் வீட்டுக் கூடத்தில் ஆலையில் மாங்காய் கழுவுகிற பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். விருந்து என்று கூப்பிட்டிருந்தேன், பாதி விஷயத்தைச் சொல்லியும் இருந்தேன். ரத்னம்மா கூப்பிடாமலே வந்தார். தன் ஃபோனால் வந்த வினை என்று அவருக்கு உறுத்தல். அவனை நடுவில் உட்காரவைத்து இலை போட்டார்கள். "இன்னும் ரெண்டு கரண்டி துன்னுங்க மாப்ளே, காரு ஓட்டி இளைச்சிப் போய்க்கீறீங்க" என்று ஒருத்தி. அவன் சிரித்துக்கொண்டே சாப்பிட்டான். கண் மட்டும் உள் அறைக் கதவிலேயே இருந்தது. கை கழுவிவிட்டு, தரணி எங்கே என்றான். தூங்குகிறாள் என்றேன். காத்திருக்கிறேன் என்றான். காத்திருக்கட்டும் என்றுதான் நானும் நினைத்தேன். சாயங்காலம் காபி கொடுத்த பிறகு எழுந்துபோய்க் கதவைத் திறந்தான். காலிக் கட்டில். திரும்பி, எங்கே என்றான் மறுபடி.

ரத்னம்மாதான் பேசினார். "பொண்டாட்டி எங்கன்னு எங்கள கேக்கற. அவ இன்னா நீ தொலைச்ச சாமானா?"

அவன் ரத்னம்மாவைப் பார்க்கவே இல்லை. என்னிடம்தான் வந்தான். குரல் உயரவில்லை. "நீங்க எந்த ஷிப்ட்டுக்குப் போறீங்க, எந்த பஸ்ல திரும்பறீங்க, எல்லாம் கேட்டு வச்சிக்கறேன் அக்கா. ஒண்ணும் பயப்படாதீங்க. நம்ம பசங்க பாத்துக்குவாங்க" என்றான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

திங்கட்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். எழுதிக்கொண்டவர் நல்லவர்தான், உட்காரச் சொன்னார். என்ன சொன்னான் என்று கேட்டார். சொன்னேன். பேனாவை வைத்துவிட்டு, "பாத்துக்குவாங்கன்னா நல்ல வார்த்தைதானேம்மா" என்றார். கடைசியில் ஒரு காகிதத்தில் எழுதி வாங்கிக்கொண்டார்.

இன்று காலை ஆலை பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. டிரைவர் சின்னப் பையன், மீசை இப்போதுதான் முளைக்கிறது. "அக்கா, ஏறுங்க. அண்ணா கொண்டுபோய் வுடச் சொன்னாரு" என்றான் மரியாதையாக. வேண்டாம் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு, ஆலை வாசல் வரைக்கும் பஸ்ஸின் பின்னாலேயே வந்தான். நீ எனக்கு அந்த டீயைப் பற்றி எழுதியபோது நான் சிரித்தேன். இன்றைக்குத்தான் அந்த டீயின் ருசி எனக்குத் தெரிந்தது.

எங்கள் ஆலைக்கு வேறொரு மாநிலத்தில் ஒரு கிளை இருக்கிறது. அங்கே சோதனைக்கூடத்துக்கு யாரும் போக விரும்புவதில்லை. பாஷை தெரியாது, பழம் பாதி வருஷம்தான். மத்தியானம் மேனேஜரிடம் போய் நான் போகிறேன் என்றேன். ஆச்சரியப்பட்டார். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்லும்மா என்றார்.

வீட்டுக்கு வந்தபோது நைனா குளித்துவிட்டு உட்கார்ந்திருந்தார். குளித்ததும் காது மெஷினைக் கழற்றி வைத்துவிடுவார், ராத்திரி வரைக்கும் போட மாட்டார். நாம் இந்த ஊரை விட்டுப் போகிறோம் என்று காதருகே சொன்னேன். "எங்கியாம்?" என்றார். அவருக்கு இப்போது கத்தித்தான் சொல்ல வேண்டும். தெருப் பக்கத்து ஜன்னலை மூடினேன். கொல்லைக் கதவையும் மூடினேன். திரும்பி வந்து அவர் எதிரே நின்றேன். அவர் காதில் கையைக் குவித்து வைத்துக்கொண்டு, "சொல்லு, எந்த ஊரு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர் உள்ளங்கையை இழுத்து, விரலால் ஒவ்வொரு எழுத்தாக எழுதினேன்.

தேவா